களைத்துப் போகும் காந்தச் சுழி

ஆயுத பூஜை அன்று, ஆய்வகத்துக்குள் எலுமிச்சம்பழம் வரலாமா கூடாதா என்று காலையிலேயே பெரிய சண்டை. வரலாம் என்ற கட்சியில் கோதண்டம் ஒருவர்தான். இயந்திரங்களைத் துடைத்து, சிலிண்டர் மாற்றி, ஏசி கெட்டால் ஆள் கூட்டிவந்து, அந்த இடத்திலேயே தலை நரைத்தவர். கூடாது என்ற கட்சியில் இயக்குநர் டாக்டர் வேதமாணிக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் தில்லைநாயகி. அந்த ஆய்வகத்தில் நினைவகச் சில்லு செய்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. குழு என்றால் அவளும் இரண்டு பேரும்.

“கோதண்டம், இது தூசியே இல்லாத அறை. ஒரு சிட்டிகை குங்குமம் பறந்தாப் போதும், நாலு வருஷ வேலை நாசம். பொரி, சந்தனம், விபூதி, எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது.”

“சார், வெளியில நிக்கிற உங்க காருக்கு மாலை போட்டாச்சு. வீட்ல மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வச்சாச்சு. சோறு போடற மெஷினு இது. இதை மட்டும் மொட்டையா விட்டா மனசு கேக்கல சார்.”

வேதமாணிக்கத்துக்கு ஆயுத பூஜையும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். அதற்குள் உலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். அவர் கத்த ஆரம்பிப்பதற்குள் தில்லை சமாதானம் பேசினாள். குங்குமம் இல்லாமல் வெறும் பழம். அதுவும் உள்ளறையில் வேண்டாம், கம்பிகள் வெளியே வந்து சேர்கிற மேசைமேல் வைக்கலாம். இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

கோதண்டம் பழத்தை இரண்டாக நறுக்கினார். மேசை வழவழப்பு. உருண்டு விழுந்தால் அபசகுனம் ஆயிற்றே என்று ஒரு பாதியை அங்கே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முனைகளின்மேல் நன்றாக அழுத்திக் குத்திவைத்தார். ஒன்று செம்பு முனை, மற்றது துத்தநாகப் பூச்சுள்ள கிளிப். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஆளாளுக்குப் பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

விடுமுறை முடிந்து முதல் ஆளாக வந்தவள் தில்லை. மைக்ராஸ்கோப்பைப் போட்டு, சில்லின் படத்தைத் திரையில் பார்த்தவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

சுழிகள் நகர்ந்திருந்தன.

நாலு வருஷமாக அவர்கள் கெஞ்சியும் மிரட்டியும் நகராத சுழிகள். காந்தப் படலத்தில் தோன்றும், கண்ணுக்கே தெரியாத குட்டிச் சுழல்கள் அவை. ஒரு சுழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அவற்றைத் தடத்தில் வரிசையாக நகர்த்த முடிந்தால் அதுவே நினைவகம். வோல்டேஜ் கொடுத்து நகர்த்தப் பார்த்தபோதெல்லாம் பாதிச் சுழிகள் அசையவில்லை, மீதி ஓரத்தில் மோதிச் செத்தன. இப்போதோ எட்டுத் தடங்களிலும் ஒன்றுகூடச் சாகாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் மறுகோடியில் போய் நின்றுகொண்டிருந்தன.

“யாரு தொட்டது இதை?” என்று அவள் போட்ட கூச்சலில் கோதண்டம் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

“நான் தொடல மேடம். சத்தியமா தொடல. பழம் மட்டும்தான் வச்சேன்.”

தில்லை மேசையைப் பார்த்தாள். வாடிச் சுருங்கிய எலுமிச்சை மூடி இரண்டு முனைகளையும் கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தது. செம்பு ஒரு பக்கம், துத்தநாகம் ஒரு பக்கம், நடுவில் புளிப்பு. பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளும் செய்து பார்க்கிற பாட்டரி. கோதண்டம் அவர்களுடைய அதிநவீனச் சில்லுக்குப் பழ பாட்டரி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்!

வேதமாணிக்கம் வந்து பார்த்தார். முதலில் திட்டினார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

“இத்தனை நாளா நாம அடிச்சு அடிச்சு ஓட்டப் பார்த்திருக்கோம் சார்,” என்றாள் தில்லை. மூச்சு வாங்கியது. “பெரிய வோல்டேஜ், சடார்னு ஒரு தட்டு. அது மிரண்டு செத்துப்போச்சு. பழம் மெதுவா, விடாம, செல்லமாத் தள்ளியிருக்கு. கரண்ட்டுனு பார்த்தா ஒண்ணுமே போகல. வெறும் வோல்டேஜ்தான். அதுக்கே நகருது!”

“எங்கே, மறுபடி நகர்த்திக் காட்டு.”

கோதண்டம் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு பை நிறையப் பழம் வாங்கிவந்தார். மத்தியானத்துக்குள் ஏழு பழத்தில் ஏழுமுறையும் சுழிகள் நகர்ந்தன. வேதமாணிக்கம் மீதிப் பழத்தைப் பிழிந்து எல்லாருக்கும் தன் கையாலேயே ஜூஸ் போட்டுக் கொடுத்தார். அந்த மனுஷன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் படப்பையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியைக் கட்டிக்கொண்டாள் தில்லை. அண்ணன் லாரியோடு வட இந்தியாவில் எங்கோ போய்க்கொண்டிருப்பான், மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவான். வீட்டில் இருப்பது நாத்தனாரும் அண்ணி கௌசல்யாவும்தான். அக்கம்பக்கத்தில் பலர் இவர்களை அக்கா தங்கை என்றே நினைத்திருந்தார்கள்.

“என்னடி, கல்யாணம் கில்யாணம் முடிவாயிடுச்சா?”

“அதைவிடப் பெரிசு அண்ணி. சுழி நகர்ந்துடுச்சு!”

“என்ன சுழி?”

“உங்க தலைல உச்சில இருக்கே, அந்த மாதிரி. எண்ணெய் வச்சு எப்படிச் சீவினாலும் அது போகுதா?”

“எங்க போகுது? எழுந்து நிக்குது.”

“காந்தத்துலயும் அப்படித்தான். சுழி விழுந்துட்டா சுலபத்துல அழியாது. கரண்டே இல்லன்னாலும் இருக்கும். அதனாலதான் அதுல விஷயத்தை எழுதி வைக்கலாம்னு பார்க்கறோம். ஆனா நகர்த்தணுமே. தாம்பாளத்துல கடுகைப் போட்டு ஊதித் தள்ளலாம், கடுகு சிதறிடும். தட்டை லேசா சாய்ச்சா அதுவே உருண்டு போகும் இல்ல? ஊதறது கரண்ட்டு. சாய்க்கறது வோல்டேஜ். நாங்க இன்னிக்கு சரியாச் சாய்ச்சுட்டோம். சூடே இல்ல, செலவே இல்ல.”

“எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா உன் முகத்தைப் பார்த்தா நல்லது நடந்திருக்கு. இரு, கேசரி கிண்டறேன்.”

ரவை வறுபடுகிற வாசனையோடு அண்ணி தன் கதையைச் சொன்னாள். ஒரகடம் பக்கத்தில் ‘விரைவகம்’ என்ற பிரம்மாண்டமான கிடங்கில் அவளுக்கு வேலை. திரையில் வருகிற பொருளை அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும்தான். கையில் ஒரு பட்டை. கை எங்கே போகிறது, எவ்வளவு வேகம், எத்தனை வினாடி சும்மா இருந்தது, எல்லாம் அதில் பதிவாகும். பட்டைக்கு ஒரே ஒரு குறை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ஜ் இறங்கிவிடும். அதைக் கழற்றிச் சுவரில் மாட்டி இருபது நிமிஷம் வைக்க வேண்டும்.

“நாங்க அதுக்குப் ‘பட்டை தூங்குது’ன்னு பேர் வச்சிருக்கோம். பட்டை தூங்கினா நாங்க முழிச்சுக்குவோம். தரைல காலை நீட்டி உட்காருவோம். இன்னிக்கு சுமதி என்ன பேச்சு பேசினா தெரியுமா! வயிறு வலிக்கச் சிரிச்சோம்,” என்றாள் அண்ணி, முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டிக்கொண்டே. “முன்னாடி பட்டை இல்லாதப்ப சூப்பர்வைசர் கண்ணுல மண்ணைத் தூவிட்டுத்தான் பாத்ரூம் போகணும். அடக்கி அடக்கித்தானே நீர்க்கடுப்பாகி எனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சு. பட்டை வந்தப்புறம் அந்தத் தொல்லை விட்டுது.”

தில்லை கேசரியை ருசித்துக்கொண்டிருந்தாள். காதில் பாதிதான் விழுந்தது. மனசெல்லாம் எட்டுத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரங்கள் ஆய்வகத்தில் திருவிழாவாகக் கழிந்தன. பழம் காயக் காய வோல்டேஜ் குறைந்தது. குறைந்தும் சுழிகள் நகர்ந்தன. இன்னும் எவ்வளவு குறையலாம்? ஒருநாள் மத்தியானம் ஏசி நின்றுபோய் எல்லாரும் வியர்த்து வழிந்தபோது தில்லைக்கு அது தோன்றியது. செம்பையும் துத்தநாகத்தையும் நூல்போல் மெல்லிய இரண்டு பட்டைகளாக வெட்டித் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். நடுவில் பழம் இல்லை, வியர்வை. சில்லோடு இணைத்ததும் திரையில் சுழிகள் சமர்த்தாக நகர ஆரம்பித்தன.

“சார்! பாட்டரியே வேண்டாம் சார்! வியர்வையே போதும்!”

வேதமாணிக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு திருவிழாவில் யானையைப் பார்த்த பையன்போல் குதித்தார். தில்லை அந்தச் சில்லைக் கையில் கட்டிக்கொண்டே சாப்பிட்டாள், பஸ்ஸில் போனாள், தூங்கினாள். நாட்கணக்கில் ஒரு பிழை இல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தது. சுகர்காரர்கள் உடம்பில் ஒட்டிக்கொள்கிற கருவி, பந்தயக் குதிரைக்குப் போடுகிற பட்டை, எதற்குமே இனி பாட்டரி மாற்ற வேண்டாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

செய்தி கசிந்தது. முதலில் ஓடிவந்தவன் பிரணவ். கோயம்புத்தூர்க்காரன், நல்ல பையன், மரியாதையான பேச்சு. அவன் கொடுத்த அட்டையில் ‘விரைவகம்’ என்று இருந்ததைப் பார்த்ததும் தில்லைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அண்ணி வேலை பார்க்கிற இடம் ஆயிற்றே!

அவள் கையில் கட்டிக் காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பிரணவ் எழுந்து நின்று கைதட்டினான்.

“அற்புதமுங்க மேடம். எங்களுக்குப் பெரிய தலைவலியே இந்தச் சார்ஜ் நேரம்தானுங்க. ஒவ்வொரு ஷிப்டுலயும் ஆயிரக்கணக்கான கை அப்படியே நின்னு போயிருது. இனிமே வேலை செய்யற வரைக்கும் வேர்க்கும், வேர்க்கிற வரைக்கும் பட்டை எழுதும். சார்ஜ் நேரமே இல்லைங்க! முதல் ஆர்டர் எங்களுதுதான்.”

வேதமாணிக்கமும் கைதட்டினார். தில்லையின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. கேசரி வாசனையும் அண்ணியின் சிரிப்பும், பாதி காதில் விழுந்த அந்தப் பேச்சும் முழுசாகத் திரும்பி வந்து அவளை அறைந்தன.

“அந்த நேரத்துலதாங்க அவங்க உட்கார்றாங்க,” என்றாள். “பாத்ரூம் போறாங்க.”

பிரணவ் உண்மையாகவே குழம்பினான். “அதுக்குத்தான் சட்டப்படி இடைவேளை இருக்குதுங்களே மேடம்.”

“காகிதத்துல இருக்கு.”

“அதை ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கிறனுங்க,” என்றான். அவன் சொல்வான்தான். கேட்பார் யார்? அவன் போன பிறகும் வேதமாணிக்கம் வானத்தில்தான் பறந்துகொண்டிருந்தார். ஓய்வே வேண்டாத நினைவகம், உலகத்திலேயே முதல்முறை, என்று யார் யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். கௌசல்யா முதலில் பெருமையாகச் சிரித்தாள். “அப்போ எங்க கையில கட்டற பட்டை உன்னுதா? உன் பேர் போடுவாங்களா அதுல?” பிறகுதான் அவள் முகம் மெல்ல மாறியது.

“அப்போ அது தூங்கவே தூங்காதா?”

“தூங்காது அண்ணி.”

“சரி விடு. நீ என்ன பண்ணுவ. உன் வேலை அது.” அவள் எழுந்து போய் உலையில் அரிசி போட்டாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது கௌசல்யா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நிரம்பியிருந்ததில் முக்கால்வாசியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு மீதியை மூடிப் பையில் வைத்தாள்.

“என்ன அண்ணி இது?”

“இப்பவே கொஞ்சம் பழகிக்கறேன். திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது பாரு.” சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

தில்லைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன்மேல், பிரணவ்மேல், எல்லாருக்கும் மேலாகக் களைப்பே தெரியாத அந்தச் சில்லின்மேல். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அதை மனசுக்குள் வைதுகொண்டே போனாள். உனக்கு ஒரு நாள்கூட முடியாமல் போகாதா? ஒரு மணி நேரமாவது அசதியாக இராதா?

தாம்பரம் வருவதற்குள் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஏன் கூடாது?

அவள் ஆய்வகத்துக்குள் ஓடினாள். சுழியைத் தடத்தில் பிடித்துவைப்பது கோபால்ட் படலத்தின் தடிமன். அதில் ஒரே ஒரு அணு அடுக்கைக் குறைத்தால் பிடி தளரும். கை வேலை செய்யும்போது தசையிலும் கொஞ்சம் வோல்டேஜ் எழும். அது சுழிகளைத் துளித்துளியாகத் தடத்தைவிட்டு விலக்கும். விலகல் சேரச் சேர எழுத்து கலைந்துபோகும். கையைச் சும்மா வைத்தால், அவையாகவே மெதுவாகத் தம் இடத்துக்குத் திரும்பும். அவளுக்கு வேண்டியது மூன்று மணி நேரத்தில் களைத்து, இருபது நிமிஷத்தில் தெளிகிற சுழி.

நன்றாக ஓடுவதைக் கெடுப்பது சுலபம் என்று நினைத்தால் அது தப்பு. அளவாகக் கெடுப்பதற்கு அசுர உழைப்பு வேண்டும். முதல் சில்லு பத்து நிமிஷத்தில் மயங்கி விழுந்தது. அடுத்தது நாள் முழுக்க அசைந்துகொடுக்கவில்லை. இன்னொன்று களைத்தது, தெளியவே இல்லை. தில்லை ஒவ்வொரு தோல்விக்கும் தன்னையறியாமல் சிரித்தாள். நாலு வருஷமும் இல்லாத உற்சாகம் இப்போது இருந்தது. கையில் கட்டிக்கொண்டு கோதண்டத்தோடு சேர்ந்து பெட்டி தூக்கினாள், அடுக்கினாள், இறக்கினாள். “என்ன மேடம், வேலை மாறப் போறீங்களா?” என்று அவர் கேலி செய்தார். ஒருநாள், சரியாக மூன்று மணி நேரம் பெட்டி சுமந்தபின் திரையில் எழுத்துக் கலைந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுழிகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்துக்குத் திரும்பின. அவள் விசிலடித்தாள்.

“ரொம்பச் சந்தோஷமா இருக்கே போல?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வேதமாணிக்கம் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியவில்லை. கோதண்டம் நைசாக வெளியே நழுவினார். இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படலத்தின் அளவுகளைப் பார்த்தார். அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

“ஒரு அடுக்கு குறையுதே.”

“ஆமா சார்.”

“கை தவறா?”

“இல்ல சார். நானாத்தான் குறைச்சேன்.”

வேலை போகிறதென்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணியின் காய்ச்சல், பட்டை தூங்குகிற நேரம், தொட்டியில் கவிழ்த்த தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. வேதமாணிக்கம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“களைக்காத சில்லு நமக்குத் தெரியும். அதை மறைச்சு இதைக் கொடுக்கணும்கிறே.”

“மறைக்கல சார். இது களைக்கும்னு எழுதியே கொடுப்போம். அதுல பொய் எதுவும் இல்ல. பிரணவ் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பாட்டரிச் செலவு மிச்சம்னு வாங்குவாங்க, எப்படிச் சோதிச்சாலும் களைக்கும்.”

“ரெண்டு பட்டை கொடுத்து மாத்தி மாத்திக் கட்டச் சொன்னா?”

“எந்தப் பட்டையைப் புதுசாக் கட்டினாலும், அந்தக் கைக்குச் சுழி நிலைபெற அதே இருபது நிமிஷம் ஆகும் சார். அதுவரைக்கும் கை வேலை செய்யக் கூடாது. அதையும் யோசிச்சுத்தான் செஞ்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ ‘ஓய்வே வேண்டாத நினைவகம், உலகத்திலேயே முதல்முறை’, அது போச்சு.”

“போச்சு சார்.” அந்த மனுஷருக்கு வேறு என்ன இருக்கிறது?

“மூணு வருஷத்துல வேற எவனாவது கண்டுபிடிச்சிடுவான், தில்லை. அவன் பேர் வாங்கிட்டுப் போவான். பட்டையும் அத்தோட தூங்கறதை நிறுத்திடும். அப்புறம்?”

“மூணு வருஷம் உட்கார்ந்துக்கட்டும் சார்.”

வேதமாணிக்கம் ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய சில்லு மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். முகத்தில் வலி இருந்தது, மறைக்கவில்லை.

“இருபது நிமிஷம்னு எப்படி வச்சே?”

“இப்ப சார்ஜ் ஆகிற நேரம் அவ்வளவுதான் சார். லேடீஸ் பாத்ரூம் கிடங்கோட கடைசில இருக்கு. நடந்து போகணும், அங்க வரிசை வேற. எல்லாம் போக உட்கார அஞ்சு நிமிஷம் மிஞ்சும்னு அண்ணி சொல்லுவாங்க.”

“அப்போ டீ எப்பக் குடிப்பாங்க?”

தில்லைக்கு அவர் கேட்டது சட்டென்று புரியவில்லை. “டீக்கு நேரம் இல்ல சார்.”

“இன்னும் கொஞ்சம் பிடியைத் தளர்த்து,” என்றார் வேதமாணிக்கம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “முப்பது நிமிஷமா ஆக்க முடியுமான்னு பாரு.”

தில்லை கையுறையை மாட்டிக்கொண்டாள்.